வாசலைப் பார்த்த சீட்டு மேஜை

அவளை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். அளவெடுக்கிற டேப் எந்நேரமும் அவள் இடுப்பில் தொங்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் தொங்கும். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பது தொழில். உள் அலங்காரம் என்றதும் பூச்சாடியையும் திரைச்சீலையையும் நினைத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்காரர் எங்கே உட்கார்ந்து காலுறையைக் கழற்றுவார், வீட்டுக்காரி போனில் பேசிக்கொண்டே எந்த ஜன்னல் பக்கம் போவாள், சாவியை யார் எங்கே எறிவார்கள் என்று பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல மரத்தையும் சுவரையும் வெளிச்சத்தையும் வைப்பதுதான் வேலை என்பாள்.

அதனால் புது வீட்டுக்குப் போன முதல் நாள் டேப்பை உருவவே மாட்டாள். பகல் முழுக்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி: "யாரும் இல்லாதப்போ இங்க என்ன பண்ணுவீங்க?" முதலில் முழிப்பார்கள், பிறகு சொல்லிவிடுவார்கள். ஒரு வங்கி மேலாளர், கண்ணாடி முன்னால் நின்று ஆட்டம் போடுவேன் என்று காது சிவக்கச் சொன்னார். அவர் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஆளுயரக் கண்ணாடி வந்தது. அது எதற்கு என்று அவர் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. டேப்பின் காதில் விழுந்தது டேப்போடு இருக்கும் என்று ஊரில் பெயர்.

கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பதினொரு வருடமாக ஒரே ஆள்மேல் கறுவிக்கொண்டிருந்தவள்.

அந்த ஆள் அவளுடைய பழைய முதலாளி. ஆபீசில் அவருக்குத் தோணுச்சு என்று பெயர். யார் எந்த யோசனையைச் சொன்னாலும் இரண்டு நாள் வாயைத் திறக்க மாட்டார். மூன்றாம் நாள் எல்லோரையும் கூட்டி வைத்து, "நேத்துக் குளிக்கும்போது எனக்கு ஒண்ணு தோணுச்சு" என்று அதையே எடுத்து விடுவார். யோசனை சொன்னவனும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்ட வேண்டும்.

அவரிடம் டேப்பு வேலை பார்த்த ஏழாவது வருடம் ஒரு சின்ன ஃபிளாட் வந்தது. பத்துக்குப் பத்து அறை. கணவன், மனைவி இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. மேஜை போட்டால் கட்டிலுக்கு இடமில்லை. டேப்பு ஒரு மேஜை வரைந்தாள். வேண்டும்போது சுவரிலிருந்து இறங்கும், வேண்டாதபோது மேலே ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஏறியபின் அடிப்பக்கம்தான் கண்ணில் படும் என்பதால் அங்கே கண்ணாடி பதித்தாள். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் சுவர்க் கண்ணாடி.

"இது உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று வேலை நடக்கிற இடத்துக்குப் போகும் வழியில் காரில் கேட்டார் தோணுச்சு. அவள் வெள்ளந்தியாகச் சொன்னாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

அவள் அம்மா தையல்காரி. ஒற்றை அறை வாடகை வீடு. குடியிருக்கத்தான் வீடு, தொழில் பண்ண இல்லை என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட பிறகு அம்மாவுக்கு வேறு வழி? ஒரு பலகையில் இரண்டு கீல் அடித்துச் சுவரில் மாட்டினாள். இறக்கினால் துணி வெட்டுகிற மேஜை. மாடிப்படியில் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டால் பலகை மேலே போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும், கை மெஷின் கட்டிலுக்கு அடியில் போகும். பலகையின் அடியில் ஒரு கண்ணாடி. அம்மா அதன்முன் சீப்போடு நின்று தலை வாரிக்கொண்டிருப்பாள். பன்னிரண்டு வருடம் அந்த மனிதர் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தடவை அவரே அந்தக் கண்ணாடியில் மீசையைத் தடவி அழகு பார்த்துவிட்டுப் போனார்.

சொல்லி முடிக்கும்போது டேப்புக்குக் கண் கலங்கிவிட்டது. தோணுச்சு காரை ஓரங்கட்டி நிறுத்தி, துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை கூடக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து, வீட்டு அலங்காரத்துக்கென்றே வருகிற பத்திரிகையில் ஆறு பக்கம். அந்த மேஜை, அந்தக் கண்ணாடி, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு தோணுச்சு. 'எங்கள் அம்மா தைத்துத்தான் எங்களை வளர்த்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டால்...' என்று ஆரம்பித்துச் சீப்புவரை ஒன்றையும் விடவில்லை. மூன்று கட்டிடத்துக்குச் சொந்தக்காரரின் பிள்ளை அவர். வாடகை வாங்கித்தான் அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம்.

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "ஏண்டி, இவனை நான் எப்போ பெத்தேன்?" என்றாள்.

டேப்புக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே வேலையை விட்டாள். மேஜையை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் மறந்து தொலைத்திருப்பாள். ஒருவர் போட்ட கைப்பிடியை இன்னொருவர் போடுவதும், ஒருவர் தொங்கவிட்ட விளக்கை இன்னொருவர் தொங்கவிடுவதும் இந்தத் தொழிலில் சகஜம். அம்மாவையே தூக்கிக்கொண்டு போனதுதான் ஆறவில்லை. அதற்கப்புறம் தோணுச்சு ஏறாத மேடை இல்லை. எல்லா மேடையிலும் செருப்புச் சத்தம் கேட்டது, எல்லா மேடையிலும் சரியாக அதே இடத்தில் அவருக்குத் தொண்டை அடைத்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுவிட்டு வந்தாள் டேப்பு. நாலு பேர் முன்னால் இந்த ஆளின் முகமூடியைக் கிழித்து, அம்மா கதையை அம்மா பேரிலேயே அதே பத்திரிகையில் போட வைக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பதினோராவது வருடம் அவளுடைய சின்ன ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. பக்கத்து வீட்டில் அவள் செய்த வேலையைப் பார்த்துப் பிடித்துப்போன ஓர் அம்மாள், எழுபத்தாறு வயது, கணவர் காலமான பிறகு தனி ஃபிளாட்டில் இருக்கிறவர். ஓர் அறையை மட்டும் மாற்ற வேண்டுமாம்.

டேப்பு போனாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தில், கையில் விருதோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவர் தோணுச்சு.

"என் பையன். அவனும் உன்னை மாதிரி இதே தொழில்தான்" என்றார் அந்த அம்மாள். "ஆனா அவனுக்குத் தெரியாமப் பண்ணணும்."

"ஏன் மேடம்?" என்றாள் டேப்பு, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மேடமெல்லாம் எதுக்கு? பெரியம்மான்னே கூப்பிடு."

ஏன் என்பது, அன்று சாயங்காலம் அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது தெரிந்தது. பெரியம்மா அலமாரியைத் திறந்தார். உள்ளே பதினான்கு தையல் பெட்டிகள். பதிமூன்றில் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் காகிதம் அப்படியே இருந்தது. பதினான்காவதைத் திறந்து, ஓரம் நைந்த ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார்.

"இதுதான் பண்ணுவேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு பேர் வருவாங்க, ரம்மி ஆடுவோம். எங்க வீட்டுக்காரருக்குச் சீட்டுன்னாலே ஆகாது. ஒளிச்சு ஒளிச்சுத்தான் ஆடினேன். அவர் போனப்புறமாவது நிம்மதியா ஆடலாம்னு பார்த்தா, இந்தப் பையன் எங்க அம்மா தைச்சாங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கான். இந்தத் தொழில் படிக்கிற பிள்ளைங்களை அழைச்சிட்டு வருவான் என்னைக் காட்ட. அதுங்களும் ஆளுக்கொரு தையல் பெட்டியோட வந்து நிக்கும்." பெரியம்மா குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதும்மா. எங்க வீட்டுல பொத்தான் அறுந்தா சட்டையையே மாத்திடுவோம்."

டேப்பு அந்தப் பெட்டிகளை மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு சீட்டு மேஜை வேணும்" என்றார் பெரியம்மா. "ஆனா பெல் அடிச்சா, மேஜை இருந்த இடமே தெரியக் கூடாது. அந்த மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?"

உலகத்தில் இதை இவளிடமா கேட்க வேண்டும்! "முடியும் பெரியம்மா."

"அவன் காதுக்குப் போகக் கூடாது."

"போகாது."

அந்த நிமிடம் மனசாரத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து காகிதத்தை விரித்ததும் மனசு மாறிவிட்டது. பதினொரு வருடமாகத் தேடிய ஆதாரம், தானே போன் பண்ணிக் கூப்பிட்டு, டீயும் கொடுத்து, தன் வாயால் சொல்லியிருக்கிறது. இதைச் சுவருக்குள் மடக்கி வைக்க அவள் என்ன பைத்தியமா?

ஓர் அறையை வரையும்போது, அதைப் பார்க்கிறவரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று முதலில் ஒரு கோடு போடுவார்கள். பெரியம்மாவின் கண் மட்டம், உட்கார்ந்தால் நூற்றுப்பத்து சென்டிமீட்டர். டேப்பு போட்ட கோடு நூற்று எழுபதில் இருந்தது. வாசலில் வந்து நிற்கப்போகிற தோணுச்சுவின் கண் அது. ஏழு வருடம் பக்கத்தில் நின்றவளுக்கு அவர் உயரம் தெரியாதா? அந்தக் கண்ணுக்கு முதலில் எது படும், அடுத்து எது, எங்கே பார்த்ததும் முகம் வெளுக்கும் என்று ஒவ்வொன்றாக வைத்தாள். கதவைத் திறந்தால் நேர் எதிரே, அறையின் நட்டநடுவில், பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய வட்ட மேஜை. அதன் விளிம்பில் சீட்டை நிறுத்தி வைக்கப் பித்தளைப் பள்ளம். மேலே தாழத் தொங்கும் விளக்கு, சூதாட்டக் கிளப்பில் இருக்கிற மாதிரி. பின்சுவரில் கண்ணாடித் தட்டுகள். அவற்றில் பதிமூன்று தையல் பெட்டிகள், பிளாஸ்டிக் காகிதத்தோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விளக்கு.

வேலைக்கு வந்த தச்சர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீலைக் காணோமேம்மா. அந்தம்மா மடக்கற மேஜைதானே கேட்டாங்க?"

"நான் சொல்றதைச் செய்யுங்கண்ணே."

"செய்யறேன். உட்காரப் போறது நீங்களா, அவங்களான்னு ஒரு சந்தேகம். அவ்வளவுதான்."

பெரியம்மாவும் கேட்டார், மேஜை வந்து இறங்கிய அன்று. "ஏம்மா, வாசல்ல நின்னா நேரா தெரியுதே?"

"அங்கதான் பெரியம்மா வெளிச்சம் நல்லா வருது" என்றாள் டேப்பு. வெளிச்சத்தின் பேரைச் சொல்லி எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். எதிர்த்துக் கேட்க யாருக்கும் வராது. "அதோட, உங்க வீடு. நீங்க எதுக்கு ஒளியணும்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெரியம்மா பச்சைத் துணியைத் தடவிப் பார்த்தார். நாற்காலி அவர் முழங்கால் உயரத்துக்குக் கச்சிதமாக இருந்தது. வலப்பக்கம் சாய்ந்து உட்காருகிறவர் என்பதால் நாற்காலியின் அந்தப் பக்கத்துக் கை மட்டும் இரண்டு விரல் தாழ்த்தி இழைக்கப்பட்டிருந்தது. "நல்லாத்தான் பண்ணியிருக்கே" என்றார். முகத்தில் பாதிச் சிரிப்புதான் இருந்தது. டேப்பு அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

"என் வேலைக்காக ரெண்டு போட்டோ எடுத்துக்கட்டுமா பெரியம்மா?"

"உன் வேலைக்குன்னா எடுத்துக்கோ."

அதே பத்திரிகைக்குப் போன் போட்டு, "தோணுச்சு சாரோட அம்மா அறை" என்றாள். அவருடைய நிஜப் பெயரைச் சொல்லித்தான். மறுமுனை துள்ளிக் குதித்தது. மகனையும் வரச் சொல்லிச் சேர்த்துப் படம் எடுத்தால் அமர்க்களமாக இருக்குமே என்றது. டேப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. மூன்று தோழிகளும் ஆட்டத்தில் இருந்தார்கள், போட்டோ எடுக்கிற சாக்கில் டேப்பும் இருந்தாள். பெல் அடித்தது. டேப்பு போய்க் கதவைத் திறந்தாள். நிருபரான ஓர் இளம்பெண், போட்டோகிராபர், அவர்களுக்குப் பின்னால் வாசனை கமகமக்கத் தோணுச்சு.

"அட, நீயா! எங்க ஆபீஸ்ல வளர்ந்த பொண்ணு இவ" என்று நிருபரிடம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், அறை வாசலில் நின்றார். டேப்பு போட்ட கோட்டில் அட்சரம் பிசகாமல் நின்றார். மேஜை, பள்ளம், விளக்கு, பெட்டிகள் என்று கண் போனது. முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பதினொரு வருடம் காத்திருந்தது வீண் போகவில்லை என்று டேப்புக்கு உச்சி குளிர்ந்தது.

பெரியம்மா இரண்டு கையாலும் சீட்டுகளை வாரி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். பாதி தரையில் சிதறின. தோழிகள் கைப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் ஒதுங்கினார்கள். அதற்குள் போட்டோகிராபரின் கேமரா இரண்டு தடவை மின்னிவிட்டது.

தோணுச்சு லேசுப்பட்ட ஆளா? ஒரே நொடியில் சுதாரித்தார். "அம்மாவோட தையல் அறை. அம்மா, சும்மா ஒரு தையல் போடற மாதிரி உட்காருங்க" என்று தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் காகிதத்தைக் கிழித்தார். ஊசியும் நூலும் பெரியம்மா கைக்கு வந்தன. கேமரா தயாராக நின்றது.

பெரியம்மா நூலை வாயில் வைத்து ஈரப்படுத்தினார். ஊசிக் காதைத் தேடினார். நூல் பக்கத்தில் போனது. மறுபடி ஈரப்படுத்தினார். மூன்றாவது தடவை ஊசியே மேஜையில் விழுந்தது. அவர் குனிந்து, பச்சைத் துணிமேல் அதைத் தடவித் தேடினார். டேப்பு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவிக்குப் போகவில்லை. நிருபரின் புருவம் மெல்ல உயர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயர்ந்ததும் சொன்னாள். "அவங்களுக்கு வராது. தைச்சது எங்க அம்மா." கைப்பையிலிருந்து பழைய போட்டோவை எடுத்து நீட்டினாள்: சுவரில் பலகை, பலகைமேல் வெட்டிய துணி, கத்தரியோடு அம்மா.

"என்ன இது?" என்றார் தோணுச்சு. "எல்லாரும் எங்கேர்ந்தாவது எடுக்கறதுதானே? இன்ஸ்பிரேஷன்னா வேற என்ன?"

"மேஜையை எடுத்தீங்க, போகட்டும். அம்மாவை ஏன் சார் எடுத்தீங்க? உங்களுக்குத்தான் ஒருத்தங்க இருக்காங்களே!"

நிருபர் பெரியம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

பெரியம்மா மகனைப் பார்த்தார். மகன் தரையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது" என்றார் பெரியம்மா.

தோணுச்சு அந்தச் சீட்டுகளைத் தாண்டி வெளியே போனார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் பத்திரிகையில் அம்மாவின் படம் அரைப்பக்கத்துக்கு வந்தது. பலகையின் நிஜக் கதை, அம்மாவின் பெயரோடு. எதிர்ப்பக்கத்தில் பச்சை மேஜை, சிதறிய சீட்டுகள், ஓரத்தில் கைப்பையோடு ஒதுங்கும் மூன்று பெண்கள். தோணுச்சு பேச இருந்த இரண்டு கூட்டங்களில் வேறு ஆள் பேசினார் என்று பழைய ஆபீஸ்காரர்கள் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தார்கள். டேப்பும் வயிறு குலுங்கச் சிரித்தாள். அவருக்காக அவள் ஒரு சொட்டு வருத்தப்படவில்லை, பின்னாலும் பட்டதில்லை. "என் மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு?" என்று சலித்துக்கொண்டே அம்மா அந்தப் பக்கத்தை எதிர்வீடு, மாடிவீடு, மருந்துக்கடை என்று எல்லா இடத்துக்கும் கொண்டு போனாள்.

அந்தப் பூரிப்போடுதான் டேப்பு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்க்கப் போனாள். கதவு சாத்தாமல் இருந்தது. அறையில் ஆள் இல்லை. பச்சை மேஜைமேல் ஒரு போர்வை தரைவரை போர்த்தியிருந்தது. பெரியம்மா துணி துவைக்கும் இடத்தில், வாஷிங் மெஷின் மூடிமேல் சீட்டுகளைப் பரப்பி, நின்றுகொண்டே தனியாக ஆடிக்கொண்டிருந்தார்.

"அவங்க மூணு பேரும் வரலையா பெரியம்மா?"

"வரதில்லை. படத்துல முகம் தெரியுதாம். ஒருத்தி வீட்டுல பெரிய ரகளை ஆயிடுச்சு." ஒரு சீட்டைத் திருப்பி வைத்தார். "பையன் பேசி ஒரு மாசம் ஆச்சு."

டேப்பு பத்திரிகையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "பெரியம்மா, அவர் எங்களுக்குப் பண்ணினது..."

"தப்புதான். பெரிய தப்பு. உங்க அம்மா படத்தைப் பார்த்தேன். அவன் அந்தப் பொம்பளை கால்ல விழணும்." பெரியம்மா நிமிர்ந்தார். குரல் உயரவே இல்லை. "ஆனா அவன் அதைச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து நின்னான். 'உங்களைத் தையல்காரின்னு சொல்லிக்கட்டுமாம்மா'ன்னு கேட்டான். பெத்த பிள்ளை கேட்கறானேன்னு நான்தான் தலையாட்டினேன். நீ என்னைச் சீட்டாடறவள்னு ஊருக்குக் காட்டினே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

டேப்பின் கை பழக்கத்தில் இடுப்பில் தொங்கிய டேப்புக்குப் போனது. "நாளைக்கே தச்சரைக் கூட்டிட்டு வந்து கீல் வெச்சுத் தரேன் பெரியம்மா. நீங்க கேட்ட மாதிரியே."

"வேண்டாம்மா. வேற ஆள்கிட்டச் சொல்லிட்டேன்" என்றார் பெரியம்மா. அடுத்த சீட்டை எடுத்தார்.

டேப்பு வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னடி, அந்தம்மா படிச்சாங்களா? என்ன சொன்னாங்க?"

"படிச்சாங்கம்மா. அவங்க பையன் உங்க கால்ல விழணும்னு சொன்னாங்க."

"அப்படியா சொன்னாங்க! நல்ல மனுஷி" என்று அம்மா பத்திரிகையோடு மாடிவீட்டுக்குப் படியேறினாள். மற்றதை டேப்பு சொல்லவில்லை. அம்மாவாவது முழுசாகச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டாள்.